இதைச் சொன்னவர் யார்?
(ஜமாஅத் இளைஞர்களின் தெரு வரைபடப் பணி தொடர்பாக நமது பள்ளிவாசல் மேல்மாடியில் நடைபெற்ற கூட்டத்தில் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இமாமுக்கும் இணைய வரைபடத்திற்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஓராண்டுக்கு முன்னர் நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு ஜனாஸா.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவில், மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெரியவர் காலமானார். அஸருக்குப் பின் அடக்கம் என்று அறிவிப்புச் செய்தோம். அவருடைய தம்பி பெங்களூரிலிருந்து காரில் புறப்பட்டு வந்தார். அவர் இவ்வூரை அதற்கு முன் கண்டதில்லை. கைப்பேசியில் நம் பள்ளிவாசலின் பெயரை எழுதித் தேட, வரைபடம் வழிகாட்டியது. அது அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல். அங்கிருந்து அவர் பலமுறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார். நாமோ தொழுகை வரிசையில் நின்றிருந்தோம். எல்லோருடைய கைப்பேசியும் அணைந்திருந்தது. வழி விசாரித்துத் திரும்பினால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அவர் மையவாடிக்கு வந்து சேர்ந்தபோது நாம் மண் தள்ளி முடித்துவிட்டிருந்தோம். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. எது தலைமாடு என்று மட்டும் கேட்டார். காட்டினோம்.

அன்று இஷாவுக்குப் பிறகு நம் இளைஞர்கள் சிலர் அந்தப் புள்ளி அங்கே எப்படி வந்தது என்று தேடத் தொடங்கினார்கள். அந்தச் செயலி பயன்படுத்தியது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் வரைபடம். இதனைப் பெரியவர்களுக்காகச் சற்று விளக்கவேண்டும். இங்கிலாந்தில் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே தயாரித்த வரைபடத் தகவல்களை மக்கள் விலை கொடுத்து, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே பயன்படுத்த முடிந்தது. 2004-ஆம் ஆண்டு ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், மக்களே தங்கள் தெருக்களை அளந்து, தாங்களே ஒரு வரைபடம் ஆக்கிக்கொள்ளலாமே என்று இதனைத் தொடங்கினார். இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதில் கணக்கு வைத்திருக்கின்றனர். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். பல நிறுவனங்களின் செயலிகளும் நிவாரண அமைப்புகளும் இதைத்தான் அடித்தளமாக வைத்திருக்கின்றன.

யாரும் எழுதலாம் என்றவுடன் நமக்கு ஐயம் எழுகிறது அல்லவா? அந்த ஐயத்திற்கு அவர்கள் வைத்திருக்கும் விடைதான் இன்றைய என் பேச்சின் பொருள். அந்த வரைபடத்தில் ஒரு பள்ளிக்கூடமோ கிணறோ தெருவோ எதுவாயினும், அதற்கென ஓர் எண் உண்டு. அதை முதன்முதலில் வைத்தது எந்தக் கணக்கு, எந்த நாள், பின்னர் யார் யார் எதை மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதும் பதிவாகி நிற்கும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நாம் என்ன செய்தோம், அதற்கு ஆதாரம் என்ன என்று எழுத இடமும் விட்டிருக்கிறார்கள்.

நம் பள்ளிவாசலின் வரலாற்றைத் திறந்து பார்த்தார்கள். 2014-இல் ஒரு கணக்கிலிருந்து புள்ளி வைக்கப்பட்டிருந்தது. ஆதாரம் என்ற இடம் வெறுமையாக இருந்தது. 2019-இல் எங்கோ தொலைவிலிருந்த வேறொருவர் பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தார். இடத்தை அவர் தொடவில்லை. அவர் நல்லெண்ணத்துடன்தான் செய்தார். ஆயினும் இரண்டாவது கை பட்டவுடன், யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்ற தோற்றம் அப்புள்ளிக்கு உண்டாகிவிட்டது. முதலாமவர் இடத்தைப் பார்க்கவில்லை. இரண்டாமவர் முதலாமவரை நம்பினார். அவ்விருவரையும் செயலி நம்பியது. செயலியை பெங்களூர்க்காரர் நம்பினார்.

மறுநாள் பஜ்ருக்குப் பின் ஓர் இளைஞர் என் அறை வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், அந்தக் கணக்கு என்னுடையதுதான்" என்றார். அப்போது பாலிடெக்னிக்கில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாராம். விடுதியில் இருந்தபடி, செயற்கைக்கோள் படத்தில் பச்சைநிறக் கூரை ஒன்றைக் கண்டு, இதுதான் நம் பள்ளி என்று வைத்துவிட்டாராம். ஊரின் பெயர் வரைபடத்தில் வரவேண்டும் என்ற ஆசை. அவரிடம் நான் கூறியது இதுதான்: "தம்பி, நீ பொய் சொல்லவில்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்தவனைப் போல் சொல்லிவிட்டாய். 'படத்தைப் பார்த்து ஊகித்தது' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால், அடுத்து வந்தவர் ஒருமுறை நின்று யோசித்திருப்பார்." அவர் தலை குனிந்து நின்றார். அவர் முன்வந்து சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது. இப்பணியின் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கும்படி நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டேன். அவர் இங்கே அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த ஆதாரப் பேச்சு புதிதன்று. ஹதீஸைக் கேட்டால், அதன் வாசகத்தைப் பார்க்குமுன் அறிவிப்பாளர் வரிசையைப் பார்க்கப் பழகியவர்கள் நாம். இவர் அவரைச் சந்தித்திருக்க முடியுமா, இருவரும் ஒரே காலத்தவரா, இடையில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறதா என்று தேடுவதற்கென்றே அறிவிப்பாளர்களைப் பற்றிய ஒரு தனிக் கலை வளர்ந்தது. வாசகம் அழகாக இருக்கிறது என்பதற்காக வரிசை அறுந்த செய்தியை உறுதியான செய்தியோடு சேர்த்துவிடுவதில்லை. தீனின் கல்வியும் தெரு வரைபடமும் ஒரே தரத்தவை என்று நான் சொல்லவரவில்லை. செய்தியைக் கையாளும் ஒழுங்கு ஒன்றுதான் என்கிறேன்.

வரைபடத் துறையிலேயே இதற்கு முன்னோடி உண்டு. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இரண்டாம் ரோஜர் மன்னரின் அவையில் அல் இத்ரீஸி என்ற அறிஞர் இருந்தார். மன்னர் கிறிஸ்தவர்; அறிஞர் முஸ்லிம். உலகம் முழுவதையும் வரையவேண்டும் என்று முடிவு செய்தபோது, பழைய நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதைக் கண்டார்கள். பல நாடுகளுக்கும் சென்றுவந்த பயணிகளை வரவழைத்தார்கள். கூட்டாகவும் தனித்தனியாகவும் விசாரித்தார்கள். அவர்கள் ஒத்துச் சொன்னதை ஏற்றார்கள், வேறுபட்டதை ஒதுக்கினார்கள். ஏறத்தாழ 15 ஆண்டுகள் இப்படியே உழைத்து, 1154-இல் ஒரு பெரிய வெள்ளித் தகட்டில் உலகப் படத்தையும் அதற்குரிய நூலையும் முடித்தார்கள். வெள்ளித் தகடு பின்னர் எழுந்த கலகத்தில் பறிபோயிற்று, நூல் நிலைத்தது. பலர் கூடி வரைபடம் ஆக்குவது இன்றைய இளைஞர்கள் கண்டுபிடித்ததன்று என்பதற்காக இதைச் சொன்னேன். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு வைத்துப் பார்க்கும் பொறுமையும் அப்படித்தான்.

அந்தப் பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நியூ கலிடோனியாவுக்கு அருகில் சாண்டித் தீவு என்றொரு தீவு வரைபடங்களில் இருந்துவந்தது. 1876-இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து வந்த செய்தி அதற்கு மூலம். கடற்படை வரைபடத்தில் ஏறியது; அதைப் பார்த்து வரைந்த வரைபடங்களில் ஏறியது; பின்னர் காகித வரைபடங்களைக் கணினித் தரவாக மாற்றியபோது அதிலும் ஏறியது. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று அவ்விடத்திற்குச் சென்றது. தீவு இல்லை, ஆயிரம் மீட்டருக்கும் அதிக ஆழமான கடல்தான் இருந்தது. நூறாண்டுகளுக்கு மேல் ஒரு தீவு பிழைத்திருந்ததற்குக் காரணம், படியெடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தனக்கு முந்தியவரைச் சாட்சியாக எண்ணியதுதான். பத்து வரைபடங்களில் இருந்தாலும் சாட்சி ஒன்றே. படியெடுத்தவர் சாட்சியாக மாட்டார்.

இனி, நம் இளைஞர்கள் செய்த ஒரு தவற்றையும் சபையில் சொல்லத்தான் வேண்டும். அவர்களின் இசைவோடுதான் சொல்கிறேன். பள்ளிவாசலின் புள்ளியைச் சரியான இடத்திற்கு நகர்த்திய பிறகு உற்சாகம் மிகுந்து, ஒரே இரவில் ஊரின் அறுபதுக்கும் மேற்பட்ட தெருப்பெயர்களை ஏற்றிவிட்டார்கள். இவ்வளவு விரைவாக எப்படி நடந்தீர்கள் என்று கேட்டேன். நடக்கவில்லை, வேறொரு நிறுவனத்தின் வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்து எழுதியிருக்கிறார்கள். அனைத்தையும் நீக்குங்கள் என்றேன். "பெயர்கள் சரியாகத்தானே இருக்கின்றன ஹஜ்ரத்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, அது பிறர் உழைப்பு. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் விதிகளில் மிகக் கண்டிப்பானது, உரிமம் பெறாத வேறு வரைபடத்திலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்பது. பிரிட்டனில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு, ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களிலிருந்து எடுத்துத் தன் வரைபடங்களைத் தயாரித்ததாக வழக்கு எழுந்தது. சாலைகளின் அகலம் முதலானவற்றை வரையும் பாணியில் ஆர்ட்னன்ஸ் சர்வே நுண்ணிய அடையாளங்களை ஒளித்து வைத்திருந்தது; அவை அப்படியே மறுபடத்திலும் வந்திருந்தன. 2001-இல் 2 கோடி பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டு சமரசம் செய்தார்கள். ஓர் ஊர் இளைஞர்கள் ஒரே இரவில் செய்யும் காரியத்தால், உலகம் முழுவதும் கூடி உழைத்த ஒரு பொதுச் சொத்தின் மீது வழக்கு வரலாம் என்றால், அது சிறிய பொறுப்பா?

இரண்டாவது விடை: பார்த்து எழுதுபவர் பிறர் பிழையையும் சேர்த்தே எழுதுகிறார். சில வேளைகளில் அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட பிழையாகவும் இருக்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1930-களில் ஜெனரல் டிராஃப்டிங் என்ற வரைபட நிறுவனம், தன் படத்தைத் திருடுபவரைப் பிடிப்பதற்காக அக்லோ என்ற இல்லாத ஊரை ஒரு சாலைச் சந்திப்பில் எழுதி வைத்தது. சில ஆண்டுகளில் ராண்ட் மக்னாலி என்ற போட்டி நிறுவனத்தின் படத்திலும் அக்லோ வந்தது. திருடன் அகப்பட்டான் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஆனால் போய்ப் பார்த்தால், அச்சந்திப்பில் அக்லோ ஜெனரல் ஸ்டோர் என்ற பெயரில் உண்மையாகவே ஒரு கடை இருந்தது! வரைபடத்தில் கண்ட பெயரை யாரோ தம் கடைக்கு வைத்துவிட்டார். சிரிப்பதற்குரிய கதைதான். எனினும் நம் நாட்டில் தெருப்பெயர் ஒன்றைத் தவறாக எழுதிவைத்தால், கூரியர்க்காரர் அப்பெயரைச் சொல்வார், கடைக்காரர் பலகையில் எழுதுவார், பத்தாண்டுகளில் அதுவே பெயராகிவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் இளைஞர்கள் எழுதிய அறுபதில், பிறகு நடந்து பார்த்தபோது, நான்கு பெயர்கள் தவறாக இருந்தன. ஒரு தெருவுக்கு அடுத்த தெருவின் பெயர். அறுபதில் நான்குதானே என்று சொல்லலாம். எந்த நான்கு என்பது நடந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாதே!

அவற்றை நீக்குவது எளிதாக இருந்ததற்கும் காரணம் வரலாற்றுப் பதிவுதான். எந்தக் கணக்கிலிருந்து, எந்த இரவில், எவை ஏற்றப்பட்டன என்பது தெரிந்தபடியால் அவற்றை மட்டும் பிரித்து எடுக்க முடிந்தது. உலக அளவிலும் இவ்வாறு ஒருமுறை நேர்ந்தது. 2012-இல் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தன் உரிமத்தை மாற்றியது. முன்னர் எழுதியவர்கள் புதிய உரிமத்திற்கு இசைகிறார்களா என்று கேட்டார்கள். இசையாதவர்கள், விடை தராதவர்கள் ஆகியோரின் பங்களிப்பை அவ்வாண்டு ஜூலையில் வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். எவ்வளவோ சாலைகள் போயின. மீண்டும் நடந்து, மீண்டும் வரைந்தார்கள். சரியாக இருந்த தகவலையும், அதைத் தந்தவர் இசையவில்லை என்பதற்காக நீக்கினார்கள் என்பதை நம் இளைஞர்கள் கவனிக்கவேண்டும். எது யாருடையது என்று எழுதிவைக்காத ஒரு கூட்டு உழைப்பில் இதைச் செய்திருக்கவே முடியாது. பங்குகளின் கணக்கு எழுதாத கூட்டு வியாபாரம் எப்படிப் பிரியும் என்பதை இங்கே இருக்கும் வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அறியாமையால் வரும் பிழை ஒருபுறம் இருக்க, தீய எண்ணத்தால் வருவதும் உண்டு. 2012 ஜனவரியில் லண்டன், நியூயார்க் முதலிய நகரங்களில் ஒருவழிச் சாலைகளின் திசையை யாரோ மாற்றியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அம்மாற்றங்கள் இந்தியாவிலிருந்து, கூகுள் நிறுவனத்தின் இணைய முகவரிகளிலிருந்து வந்தவை என்பதைப் பதிவுகள் காட்டின. ஒப்பந்தப் பணியாளர் இருவர் தம் விருப்பப்படி செய்தது அது என்றும், அவர்கள் தம் பணிகளில் இனி இல்லை என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது. நம் நாட்டிலிருந்து சென்ற செயல் என்பதால் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதைவிடக் கொடியது 2018-இல் நடந்தது. நியூயார்க் நகரின் பெயரையே அழித்து, யூத மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை ஒருவர் எழுதினார். ஒரு சமுதாயத்தை இழித்துப் பேசுவது எவர்மீதானாலும் பாவமே. நம்மைப் பற்றி அவ்வாறு எழுதினால் நாம் எப்படித் துடிப்போமோ அப்படித்தான் அவர்களும் துடித்திருப்பார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தன்னார்வலர்கள் இரண்டு மணி நேரத்திற்குள் அதைக் கண்டு நீக்கிவிட்டார்கள். ஆயினும் அந்த இடைவேளையில் மேப்பாக்ஸ் என்ற நிறுவனம் எடுத்திருந்த படியில் அச்சொல் புகுந்துவிட்டது. அவர்களுடைய கணினி அதை ஐயத்திற்குரியது என்று எடுத்துக்காட்டியும், சரிபார்க்க அமர்த்தப்பட்ட மனிதர் தவறுதலாக ஒப்புதல் அளித்துவிட்டார். மூலத்தில் நீக்கப்பட்டுச் சில வாரங்கள் கழிந்தபின், ஆகஸ்ட் 30-ஆம் நாள், ஸ்நாப்சாட் முதலிய செயலிகளில் அந்த இழிசொல் நியூயார்க்கின் பெயராகத் தோன்றியது.

மூலத்தைத் திருத்துவது வேறு, படிகளைத் திருத்துவது வேறு. நம் பள்ளிவாசலின் புள்ளியை நாம் சென்ற ஆண்டே நகர்த்திவிட்டோம். சென்ற மாதம் ஒரு லாரி ஓட்டுநர் அதே கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்றுகொண்டு, பள்ளி எங்கே என்று நம் மோதினாரைத் தொலைபேசியில் கேட்டார். அவர் எப்போதோ இறக்கி வைத்திருந்த பழைய படி அவர் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. இப்படி எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறதோ!

விளையாட்டுக்காகப் பொய் எழுதுபவர்களும் உண்டு. போக்கிமான் கோ என்ற கைப்பேசி விளையாட்டு 2017 இறுதியில் இவ்வரைபடத்தைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, தம் வீட்டருகே அரிய பொம்மைகள் தோன்றவேண்டும் என்பதற்காக இல்லாத பூங்காக்களைச் சிலர் வரைந்தார்கள். பிள்ளைகள்தாம் என்று பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு என்ன செய்ய?

குறையுள்ள தகவலே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 2007, 2008-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சாலைத் தரவு முழுவதையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றினார்கள். அது அரசு பொதுவில் விட்ட தரவு. உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் அதில் வளைந்த சாலை நேராகவும், இல்லாத சாலை இருப்பதாகவும் எத்தனையோ பிழைகள். அவற்றைத் திருத்தும் பணி பல ஆண்டுகள் நீண்டது. அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம், இது இன்ன துறையிலிருந்து வந்தது, இன்னும் எவரும் சரிபார்க்கவில்லை என்று ஒவ்வொரு சாலையிலும் ஒரு குறிப்பை ஒட்டியிருந்தார்கள். பிறகு வந்தவர் தம் ஊர்ச் சாலையைப் பார்த்துத் திருத்திவிட்டு அக்குறிப்பை எடுத்துவிடுவார். இன்று செயற்கைக்கோள் படத்தைக் கணினியே பார்த்து வரையும் சாலைகளும் வந்துவிட்டன. வறண்ட வாய்க்கால்கூட அதன் கண்ணுக்குச் சாலையாகத் தெரியலாம். கணினி வரைந்தது என்ற குறிப்பு அதனுடன் நின்றால், மனிதர் ஒருவர் போய்ப் பார்ப்பார். குறிப்பை உதிர்த்துவிட்டால் அதுவும் சாண்டித் தீவுதான்.

தகவலுக்கு நாளும் வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தெருக்களை அடித்தளமாகக் கொண்டு ஒரு தனி வெள்ள வரைபடத்தைத் தன்னார்வலர்கள் இணையத்தில் வைத்தார்கள். நீர் புகுந்த தெருவை மக்களே தொட்டுக் குறிக்கலாம். நல்ல காரியம், பலருக்கும் உதவியது. ஆனால் நீர் ஏறியதைச் சொல்ல ஓடிவரும் மனிதர், வடிந்ததைச் சொல்ல மறுபடியும் வரமாட்டார். இது மனித இயல்பு. நம் பள்ளி வாசலிலேயே பாருங்கள்: காணவில்லை என்று ஒட்டிய அறிவிப்பைக் கிடைத்தபிறகு கிழிப்பவர் எத்தனை பேர்?

இந்த அனுபவங்களையெல்லாம் வைத்து நம் இளைஞர்கள் இப்போது ஒரு முறையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் பஜ்ருக்குப் பின் இருவர் இருவராக நடக்கிறார்கள். ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுகிறார். செயற்கைக்கோள் படம் சில மீட்டர் விலகி நிற்கக்கூடும் என்பதால், கைப்பேசியின் இடங்காட்டியில் தாங்கள் நடந்த தடத்தையும் பதிவு செய்கிறார்கள். தெருப் பலகை இருந்தால் அதைப் படம் பிடிக்கிறார்கள். இல்லையெனில் அத்தெருவில் வசிக்கும் இருவரிடமாவது கேட்கிறார்கள். ஏற்றும்போது 'நேரில் நடந்து பார்த்தது' என்றோ 'குடியிருப்பவர் சொன்னது' என்றோ எழுதுகிறார்கள். ஒரே நாளில் நூறு மாற்றங்களை ஒன்றாகக் கொட்டாமல் தெருத் தெருவாக ஏற்றுகிறார்கள். தவறு நேர்ந்தால் அத்தெருவை மட்டும் திருப்பி எடுக்கலாம் அல்லவா? வீட்டில் குடியிருப்பவர் பெயரை எழுதுவதில்லை. ஒரு தாய் தனியே வசிக்கும் வீடு எது என்று உலகம் அறியவேண்டிய தேவை என்ன? ஜும்ஆ நேரம், மருந்துக் கடை திறக்கும் நேரம் போன்றவற்றுக்குக் கடைசியாகச் சரிபார்த்த நாளையும் சேர்த்து எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பேடுகள் பள்ளிவாசல் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. எவரும் வந்து பார்க்கலாம்.

அந்த வேகத்தில் போனால் ஊர் முழுவதும் முடிய இன்னும் ஓராண்டு ஆகும் என்கிறார்கள். ஆகட்டும்.

முடிப்பதற்கு முன் மூத்தோர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலுக்குத் தெற்கே, குளக்கரையிலிருந்து சந்தை வரை செல்லும் தெருவுக்கு இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. கிழக்குப் பகுதியில் குடியிருப்பவர்கள் ஒரு பெயரும், மேற்குப் பகுதியில் இருப்பவர்கள் மற்றொரு பெயரும் சொல்கிறார்கள். பலகை கிடையாது. இரு தரப்பிலும் உறுதியாகச் சொல்கிறார்கள். இரு தரப்பிலும் நம் பெரியவர்களே இருக்கிறார்கள். இளைஞர்கள் அந்தத் தெருவை வரைந்து, பெயரை எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். இரண்டு பெயர்களையும் பதிய வழி இருக்கிறது. ஆனால் எது எந்தப் பகுதிக்கு, எப்போதிலிருந்து என்று தெரியவேண்டும். உங்களில் எவரிடமாவது பழைய வீட்டு வரி ரசீதோ, அந்தத் தெரு முகவரிக்கு வந்த பழைய கடிதமோ, கல்யாண அழைப்பிதழோ இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை பஜ்ருக்குப் பின் கொண்டுவந்து காட்டுங்கள். காகிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்து சொல்லுங்கள். யாரிடமிருந்து கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

வஸ்ஸலாம்.